காசமா, கட்டியா?

இராயபுரத்து முதியோர் ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று வழங்குவதுண்டு. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்திரத்தையொட்டி மருத்துவமனை எழுந்தது. பின்னர் மருத்துவப் பள்ளி தோன்றி, 1938-இல் கல்லூரியாயிற்று. துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் எந்திரத்தோடு போராடுவோரும் கையில் அடிபட்டால் நாடி வரும் இடம் இது. 1970-களில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைக்கென்றே இங்கு ஒரு தனிப் பிரிவை வளர்த்தார். உழைப்பாளிக்குக் கையே முதல் அல்லவா?

ஆனால் கைக்கு வரும் கேடெல்லாம் எந்திரத்தால் வருவதில்லை. விரலிலோ முன்கையிலோ வலியற்ற முடிச்சு ஒன்று எழுகிறது. சில திங்களில் தோல் வெடித்து ஆறாப் புண்ணாகிறது. எப்போதோ பட்ட அடியின் விளைவு என்றே எவரும் எண்ணுவர். மருத்துவர் சதைத் துணுக்கொன்றை எடுத்து நோய்க்கூற்றியல் பிரிவுக்கு அனுப்புகிறார். அங்கே நுண்ணோக்கியின்கீழ் தெரியும் அணுக்களைப் பற்றியதே இப்பேச்சு.

எபித்தீலியம் என்பது உடலின் மேற்பரப்பையும் உள்ளறைகளையும் போர்த்தி நிற்கும் அணுப்படலம். பதித்த ஓடுகள்போல் அணுக்கள் நெருங்கி அமைந்தது. காசநோய்க் கழலைகளில், அவ்வணுக்களைப் போலவே தோன்றி, அவையல்லாத வேறு அணுக்களைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய ஜெர்மானிய ஆய்வாளர் கண்டனர். ‘எபித்தீலியாய்டு’ என்ற பெயருக்கு ‘எபித்தீலியம் போன்ற’ என்பதே பொருள். அவற்றினிடையே கிடக்கும் பேரணுக்களை 1868-இல் லாங்ஹான்ஸ் விவரித்தார். 1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் காசக் கிருமியை உலகுக்குக் காட்டினார். இவ்வணுக்கள் நம் உடலின் காவலணுக்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. விழுங்கிய கிருமியைச் செரிக்க மாட்டாமல் அவை உருமாறி, தோளோடு தோள் சேர்ந்து அரண் அமைக்கின்றன. தொழுநோயின் ஒருவகையிலும் இதே அரணைக் காணலாம்.

எனவே எபித்தீலியாய்டு அணுவைக் கண்டதும் ‘காசம்’ என்று எழுதக் கை துணிகிறது. காசம் மலிந்த நம் நாட்டில் அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரும்பாலும் சரி என்பதுதான் இங்கே இடர்.

1970-இல் அமெரிக்க நோய்க்கூற்றியலார் டாக்டர் என்சிங்கர் 62 நோயாளிகளின் கட்டிகளைத் தொகுத்து ஆய்ந்து, ‘எபித்தீலியாய்டு சார்க்கோமா’ என்ற புற்றுநோயை வரையறுத்தார். இளவயதினரை, அதிலும் கையையும் முன்கையையும், மிகுதியாகப் பற்றும் நோய் அது. கட்டியின் நடுவே மடிந்த திசு. சுற்றிலும் எபித்தீலியாய்டு அணுக்களின் வேலி. காசக் கழலையின் வேடத்தை அப்படியே பூண்டதுபோல் இருக்கும்! வேடம் அறியாமல் ஆறு திங்கள் காச மருந்து கொடுத்தால், அந்த ஆறு திங்களில் புற்று தசைநாண் வழியே ஊர்ந்து நிணக்கணுக்களையும் நுரையீரலையும் எட்டக்கூடும்.

வேறுபடுத்துவது எங்ஙனம்? காசக் கிருமிக்குரிய சாயத்தை ஏற்றிப் பார்க்கலாம். கிருமி தெரிந்தால் ஐயம் குறையும். தெரியாவிட்டாலோ எதுவும் முடிவாகாது, ஏனெனில் கழலையில் கிருமிகள் மிகச் சிலவாகவே இருப்பதுண்டு. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் வழியைக் கண்டபின், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் சாய முறைகள் பெருகின. கெராட்டின் என்னும் புரதம் இக்கட்டியின் அணுக்களில் உண்டு, காவலணுக்களில் இல்லை. ஆனால் தோலில் எழும் வேறு புற்றுகளிலும் கெராட்டின் இருப்பதால், அதுமட்டும் போதாது.

இந்த நூற்றாண்டில் கிடைத்த சான்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது; ஏனெனில் அது இன்மையால் வரும் சான்று. ஐ.என்.ஐ.1 என்ற புரதம் உடலின் நல்ல அணுக்களின் உட்கருவில் உள்ளது. பத்தில் ஒன்பது எபித்தீலியாய்டு சார்க்கோமாக்களில் அது மறைந்துவிடுகிறது. சாயமேற்றிய துணுக்கில் இரத்தக் குழாயின் அணுக்கள் பழுப்பாய்த் தெரிய, அவற்றை அடுத்தே கட்டியணுக்களின் உட்கருக்கள் பழுப்பேறாமல் வெளிறிக் கிடக்கும். நல்ல அணு பழுப்பேறாவிட்டால் சாயமே பழுதென்று கொண்டு மீண்டும் செய்வர்.

சாயம் சரியாக ஏறியிருந்தால், நோய்க்கூற்றியலார் ஒரு தாளில் இரண்டொரு வரி எழுதுகிறார். அதைப் படித்த பின்னரே அறுவை மருத்துவர், காச மருந்துக்குச் சீட்டு எழுதுவதா, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு அகல வெட்டி எடுப்பதா, விரலையே இழக்க நேருமா என்று நோயாளியோடு உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார்.