ஒரு சொட்டு எண்ணெயின் வரலாறு

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, ஒரு சிறு காரின் அடியில் சொட்டும் எண்ணெய். இதற்கும் வரலாறு உண்டோ என்று நீங்கள் வியக்கலாம். உண்டு. அதனை அறியாமையால் நானே ஒரு முறை இடர்ப்பட்டேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் என்னிடம் பழைய சிறு கார் ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் அதன் அடியில் கரிய கறை காணப்படும். இயந்திரத்தின் மேல்மூடி ஓரமாக எண்ணெய் கசிவதைக் கண்டு, அதன் திருகாணிகளை வலுவாக முடுக்கினேன். கசிவு நிற்கவில்லை. இன்னும் முடுக்கினேன்; மூடியே சற்று வளைந்துபோயிற்று. பிறகு ஒரு தகரத் தட்டை வண்டியின் அடியில் வைத்துவிட்டு, அத்துடன் அதனை மறந்தேன். உள்ளே எவ்வளவு எண்ணெய் எஞ்சியிருக்கிறது என்று அளவுகோலை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

பொதுத் தேர்வு தொடங்கிய நாளன்று, தேர்வு மையத்துக்குச் செல்லும் வழியில், எண்ணெய் அழுத்தம் குறைந்ததை அறிவிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு, வந்த பேருந்தில் ஏறி, முதல் மணி அடிப்பதற்குச் சற்று முன்புதான் போய்ச் சேர்ந்தேன். மாணவர்களுக்கு நேரந் தவறாமையைப் போதித்தவன் அன்று அவர்கள் முன்னே மூச்சிரைக்க நின்றேன்.

அன்று மாலை வண்டியைப் பார்த்த முதிய மெக்கானிக், மூடியைத் தொடவே இல்லை. இயந்திரத்தின் மூச்சுக்குழாயைக் கழற்றிக் காட்டினார். கரியும் பிசுக்கும் படிந்து அது அடைபட்டிருந்தது. "மூச்சுவிட வழியில்லை, ஐயா; அதனால்தான் எண்ணெயைத் துப்புகிறது" என்றார். பிஸ்டன்களைக் கடந்து சிறிதளவு வாயு கீழே இறங்குவது இவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் இயல்பு. அது வெளியேற வழியில்லையெனில் உள்ளே அழுத்தம் பெருகும். எந்த மூட்டு தளர்ந்துள்ளதோ அதன் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். கறை ஓரிடம், காரணம் வேறோரிடம் என்பதை அன்று கற்றேன்.

இப்பாடத்தை வரலாற்றிலும் காட்டவல்ல கார் ஒன்று உண்டு. எண்ணெய்க் கசிவுக்குப் பேர்பெற்ற மினி என்னும் ஆங்கிலச் சிறு காரே அது. அதன் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? எகிப்து நாட்டில்!

1956 ஜூலை 26 அன்று எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனுக்கு எண்ணெய் வருதல் தடைப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் 1957 மே வரை அந்நாட்டில் பெட்ரோலுக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறு வண்டிகளை மக்கள் நாடினர். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, நால்வர் அமரத்தக்க உண்மையான சிறு கார் ஒன்றை உருவாக்கும் பணியை அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் ஒப்படைத்தார். இவர் 1906-ஆம் ஆண்டில் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். 1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் காரை வடிவமைத்துப் புகழ்பெற்றவர்.

லார்டு விதித்த நிபந்தனை ஒன்று: நிறுவனத்தில் முன்பே உள்ள இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும். மற்றொரு வரையறையும் இருந்தது: காரின் நீளம் பத்து அடியளவில் அடங்க வேண்டும், அதில் பெரும்பகுதி மனிதர்க்கு உரியதாக வேண்டும். எனவே இயந்திரத்தை நெடுக்காக வைக்காமல் குறுக்காகத் திருப்பினார். அப்படித் திருப்பியபின் கியர்பெட்டியை இயந்திரத்தின் முனையில் பொருத்த இடமில்லை. ஆகவே அதனை இயந்திரத்தின் அடியில், எண்ணெய்த் தொட்டியினுள்ளேயே அமைத்தார். இயந்திரத்துக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே எண்ணெய்! 848 கன செ.மீ. இயந்திரத்துடன் அக்கார் 1959 ஆகஸ்ட் 26 அன்று வெளியிடப்பட்டது.

இடம் மிச்சமாயிற்று, ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இயந்திரத்தின் ஆற்றல் முதலில் ஒரு முனையிலுள்ள கிளட்சுக்குச் சென்று, அங்கிருந்து பற்சக்கரங்களின் வழியே திரும்பி அடியிலுள்ள கியர்பெட்டிக்கு இறங்க வேண்டும். இப்பற்சக்கரங்கள் எண்ணெயில் நனைந்தவை. கிளட்சோ உலர்ந்திருக்க வேண்டியது. இரண்டுக்கும் நடுவே நின்ற காவல், ஓர் எண்ணெய்த் தடுப்பு வளையம். தொடக்ககால வண்டிகள் பலவற்றில் எண்ணெய் இக்காவலைக் கடந்து கிளட்சை நனைத்தது. கிளட்சு பிடிப்பின்றி வழுக்கிற்று. பின்னர்த் தடுப்பு ஏற்பாடுகள் திருத்தப்பட்டன.

இத்தகைய வண்டியைப் பழுதுபார்ப்பவர் என்ன செய்தல் வேண்டும்? முதலில் இயந்திரத்தை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னே அடித்துச் செல்லும். கசிந்த எண்ணெய் கீழ்நோக்கியும் வழியும். ஆகையால் தூய்மையான இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நனைந்த இடங்களுள் எது மேலானது, எது முன்னானது என்று காண வேண்டும். அடுத்து மூச்சுக்குழாயைச் சோதிக்க வேண்டும். அதன்பின் மேல்மூடியின் தக்கை கேஸ்கெட்டை மாற்றி, திருகாணிகளை அளவாகவே முடுக்க வேண்டும். கிளட்சு உறையின் அடியில் எண்ணெய் சொட்டினால் முன்சொன்ன வளையத்தை ஐயுறலாம். அதனை மாற்ற, தண்டின் கூம்பு முனையில் இறுகப் பிடித்திருக்கும் ஃப்ளைவீலை அதற்குரிய கருவியால் இழுத்தெடுக்க வேண்டும். புதிய வளையத்துக்கு எண்ணெய் தடவி, மெல்லிய உறையொன்றின் மேலாக நுழைத்தல் நன்று; அவசரப்பட்டால் தண்டுவரிப் பற்களின் விளிம்பு அதன் உதட்டைக் கிழித்துவிடும். புதிய காவலனை வாயிலிலேயே காயப்படுத்தினால் அவன் எப்படிக் காப்பான்?

மினி கார் 2000 அக்டோபர் வரை உற்பத்தியாயிற்று. 53 லட்சத்துக்கும் மேற்பட்டவை உருவாயின. இறுதிவரை கியர்பெட்டி இயந்திரத்தின் அடியிலேயே இருந்தது. ஆயினும் 1964-இல் இத்தாலியில் வெளிவந்த ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற கார் வேறு வழி காட்டிற்று. குறுக்காக வைத்த இயந்திரத்தின் பக்கவாட்டில் கியர்பெட்டியைப் பொருத்தி, தனித்தனி எண்ணெய் கொடுத்தார் பியட் நிறுவனத்தின் தாந்தே ஜகோசா. பிற்காலச் சிறு கார்களுட் பெரும்பாலானவை இவ்வழியையே பின்பற்றின. இசிகோனிஸ் இயந்திரத்தைத் திருப்பியது நிலைத்தது. தொட்டியைப் பொதுவாக்கியது நிலைக்கவில்லை.

கால்வாய் அடைபட்டது, பெட்ரோல் குறைந்தது, கார் சிறுத்தது, கியர்பெட்டி கீழே இறங்கியது, ஒரு சிறு வளையத்தின் மேல் பெரும் பொறுப்பு விழுந்தது. தரையில் விழுந்த சொட்டுக்குப் பின்னால் இத்தனை இருக்கின்றன. எனினும் எல்லாக் கசிவுக்கும் சூயஸைக் காரணங் காட்டிவிட முடியாது. என் காரில் கசிந்ததற்குக் காரணம், நான் துடைக்காமல் விட்ட ஒரு குழாய்தான். பெருங் காரணத்தைப் படித்தறிய வேண்டும். அருகிலுள்ள காரணத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டும் செய்பவனே நல்ல மாணவன். அந்தத் தகரத் தட்டை நான் இன்னும் எறியவில்லை. என் மேசைமேல் பேனாக்களை வைக்க அது பயன்படுகிறது.