ஈயமும் ஆற்று நீரும்

சுரங்கத் தொழில் பழைய உலகத்தது. நீர், காற்று, கதிரவன் ஆகியவற்றின் ஆற்றல் புதிய உலகத்தது எனப் பலர் எண்ணுவர். இந்நாட்டு வரலாறு கூறுவதோ வேறு.

பகாங் மாநிலத்து ரவுப்பில் தங்கம் எடுத்த ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தது. மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. காரணம் எளிது. சுரங்கம் ஆழமாகுந்தோறும் ஊற்று நீரை இறைக்க வேண்டும்; கல்லை நொறுக்க வேண்டும். நீராவி எந்திரத்தை நம்பினால் விறகு வேண்டும். விறகுக்குக் காடு அழியும். ஆறோ கூலி கேளாது ஓடிக்கொண்டிருந்தது.

பேராவின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் இதுவே நிகழ்ந்தது. ஈயவாரிக் கப்பல்கள் பெருகவே மின்தேவையும் பெருகியது. பேரா ஆற்றின் குறுக்கே எழுந்த செண்டரோ அணை 1930 இல் இயங்கத் தொடங்கி, ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் ஈந்தது. 1938 இல் கட்டப்பெற்ற தஞ்சோங் துவாலாங்கின் ஐந்தாம் எண் கப்பல் ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ளது. 1982 வரை உழைத்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈயத்துக்காகப் பிறந்த அணையோ இன்றும் மின்சாரம் தருகின்றது.

அன்று உலோகம் நீரின் துணையை நாடிற்று. இன்று கதிரவனும் காற்றும் உலோகத்தின் துணையை நாடுகின்றன. சூரிய மின்தகட்டின் சில்லுகளை இணைக்கும் பற்றாசில் வெள்ளீயம் உண்டு. பெருங்காற்றாலைகள் பலவற்றின் காந்தங்களுக்கு நியோடிமியம் என்னும் அருமண் உலோகம் வேண்டும். ஈயம் அரித்தபின் எஞ்சும் ‘அமாங்’ மணலில் உள்ள மோனசைட்டிலும் அது கலந்திருக்கின்றது. அதனோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருப்பதே இடர்.

அவ்விடரை ஈப்போவை அடுத்த புக்கிட் மேரா மக்கள் நன்கறிவர். அங்கே 1982 இல் அருமண் ஆலையொன்று தொடங்கியது. அதன் கழிவை அஞ்சிய மக்கள் 1985 இல் வழக்குத் தொடுத்தனர். 1992 இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. எனினும் 1994 இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றிப் புதைக்கும் பணியோ அதன்பின்னும் நெடுநாள் நீண்டது.

ஆற்று நீர் மழையால் மீண்டும் நிறையும். அகழ்ந்த தாது மீளாது. புதைத்த கழிவும் எளிதில் மறையாது. ஒளி ஓரூருக்கும் கழிவு மற்றோரூருக்கும் என்று ஆகுமாயின் அதனைத் தூய ஆற்றல் என்று எங்ஙனம் சொல்வது? கிந்தாவின் ஈயக் குட்டைகள் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க பாடம் இதுவே.