இலங்கை டீக்கு விதை போட்ட ஸ்காட்லாந்துக்காரர்... யார் இந்த ஜேம்ஸ் டெய்லர்?

வரிச்சிக்குடியோ சென்னையோ, டீ இல்லாம நமக்குப் பொழுது விடியாது. பக்கத்து நாடான இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக்கியவர், ஸ்காட்லாந்தில் 1835-ல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர்.

காபித் தோட்ட வேலைக்காக 1852-ல் இலங்கை வந்த இவர், 1867-ல் கண்டி அருகே லூல்கந்துர எஸ்டேட்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869-ல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் காபியை அழிக்க, மற்ற தோட்டங்களும் தேயிலைக்கு மாறின.

சரி, கொழுந்து பறித்தது யார்? தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு தேடிப் போனவர்கள்தான். அவர்களின் சந்ததியினர் பல லட்சம் பேரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அதன்பின் போடப்பட்ட ஒப்பந்தங்களில் பலர் இந்தியா திரும்பினர். அங்கேயே நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-ல் வந்தது!