ஜமீன் காடுகளும் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும்

தண்டனை கடுமையாக இருந்தால் காடு தப்பிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரம்பலூர், அரியலூர் பகுதியின் வரலாறு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தண்டனை யாருக்கு?

இந்த இரண்டு மாவட்டங்களும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. பாளையக்காரர் காலத்தில் அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்களுக்குக் காடே அரண். ஆங்கிலேயர் ஆட்சியில் இவை ஜமீன்களாயின.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அரசு நிலத்துக் காடுகள் 'ரிசர்வ் காடு' என்று அறிவிக்கப்பட்டன. அங்கே அனுமதியின்றி மரம் வெட்டினாலும் மாடு மேய்த்தாலும் அபராதம் அல்லது சிறை. ஆனால் ஜமீன் காடு ஜமீன்தாரின் சொத்து. ஆக, ரிசர்வ் காட்டில் விறகு வெட்டிய ஏழை குற்றவாளி. சொந்தக் காட்டையே காண்டிராக்டருக்கு விற்ற ஜமீன்தார் வெறும் வியாபாரி!

1938-ல் பிரகாசம் குழு ஜமீன் முறையைப் பற்றி அறிக்கை தந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமே வந்துவிட்டது. அதன்படி காடுகளும் அரசுக்குப் போய்விடும். நாளை கையில் இருக்காத சொத்தை இன்றே காசாக்கத்தானே யாரும் நினைப்பார்கள்? சென்னை மாகாணத்தில் தனியார் காடுகள் கண்டபடி அழியத் தொடங்கின.

அதைத் தடுக்க வந்ததுதான் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் ஜமீன் காட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, மரம் வெட்டவோ கூடாது. மீறி விற்றால் அந்த விற்பனையே செல்லாது. அதே சமயம் காய்ந்து விழுந்த மரத்தை எடுப்பதற்கும், வழக்கமான வீட்டுத் தேவைக்கும், கலப்பை போன்ற உழவுக் கருவிகள் செய்வதற்கும் தடையில்லை.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். அபராதத்தை வியாபாரி செலவுக் கணக்கில் எழுதிவிடுவார். விற்பனையே செல்லாது என்றால் பணம் போடவே யோசிப்பார்.

கூடலூர் காடுகள் தொடர்பாகத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. உரிமையாளர் யாராக இருந்தாலும் காடு காடுதான் என்றது அந்த உத்தரவு. 1882-ல் விட்ட இடைவெளியை நாடு முழுவதற்கும் அடைக்க 114 ஆண்டுகள் ஆயின.

தண்டனையின் அளவைவிட, அது லாபம் அடைபவரைத் தொடுகிறதா, மரம் விழும் முன் வருகிறதா என்பதே முக்கியம். வெட்டிய பிறகு வரும் சட்டத்தால் அடிமரத்தைத்தான் எண்ண முடியும்.