தனித்திருக்கும் நூலகர்க்கு ஓர் ஆசான்

நூலகம் என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மண்டபமும் அடுக்கடுக்கான நூல்களுமே. அந்நூல்களை அடுக்கி வைத்தவர் எவர், அடுக்கும் முறையை அவர் எங்கே கற்றார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. மருத்துவருக்கும் நியாயவாதிக்கும் முறையான கல்வி வேண்டும் என்பதை உலகம் நெடுங்காலத்துக்கு முன்னரே ஒப்புக்கொண்டது. நூலகர்க்கும் அது வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றுவதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. வேரூன்றிய பின்னரும், சிற்றூர் ஒன்றிலே தன்னந்தனியாக மேசைமுன் அமர்ந்திருக்கும் நூலகரிடம் அக்கல்வியை எவ்வாறு கொண்டு செல்வது என்ற வினா நூறாண்டுகளுக்கு மேலாகத் தீராதிருந்தது. அவ்வினா அமெரிக்க ஐக்கிய நாட்டிலே எழுந்து, பல விடைகளைக் கண்டு, ஈற்றில் 'வெபினார்' எனப்படும் இலவச இணையவழி வகுப்பில் வந்து நின்ற வரலாறு அறியத்தக்கது.

1876ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிலடெல்பியா நகரில் நூலகர்கள் 103 பேர் கூடி அமெரிக்க நூலகச் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் பெண்கள் 13 பேரே. அக்காலத்தில் நூலகத் தொழிலைக் கற்க விரும்பியவர், கொல்லன் பட்டறையில் இளைஞன் தொழில் பழகுவதுபோல, மூத்த நூலகர் ஒருவரின் கீழிருந்து பார்த்துப் பழக வேண்டியவராயிருந்தார். மூத்தவர் அறிந்தது எதுவோ அதுவே இளையவர்க்குக் கிடைத்தது. மூத்தவரின் பிழைகளும் கூடவே கிடைத்தன.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் மெல்வில் டூயி. நூலின் முதுகிலே ஒட்டப்பட்டிருக்கும் தசம எண் முறையை வகுத்தவர் இவரே. கொலம்பியாக் கல்லூரியின் நூலகராயிருந்த டூயி, 1887ஆம் ஆண்டு சனவரி 5ஆம் திகதி நூலகக் கல்விக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். முதல் வகுப்பில் மாணாக்கர் 20 பேர்; அவர்களுள் 17 பேர் பெண்கள். கொலம்பியாவோ ஆடவர்க்கான கல்லூரி. பெண்களைச் சேர்ப்பதைக் கல்லூரியின் தருமகருத்தாக்கள் விரும்பவில்லை. வகுப்பறை தரவும் மறுத்தனர். ஆகவே, கல்லூரி ஆலயத்துக்கு மேலே பயன்படாது கிடந்த சாமான் அறை ஒன்றைத் துப்புரவு செய்து அதிலே பாடம் நடத்தினார் டூயி. உலகின் முதல் நூலகப் பாடசாலை பிறந்த இடம் அதுதான். ஈராண்டு கழிவதற்குள் அவருக்கும் கல்லூரிக்கும் பிணக்கு முற்றவே, 1889இல் பாடசாலை அவருடன் நியூயோர்க் மாநிலத் தலைநகராகிய அல்பனிக்குப் பெயர்ந்தது.

டூயியைப் புகழ்வோர் அவர் வாழ்வின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட அவரே அவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற முறைப்பாடுகள் அவர் காலத்திலேயே எழுந்தன. அவர் நடத்திய விடுதிக் கழகம் யூதர்களை உள்ளே விடவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கம் ஒன்றிற்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்குவதற்கு 2019இல் முடிவு செய்தது.

அல்பனிப் பாடசாலை நல்ல நூலகர்களை உருவாக்கியது உண்மை. ஆயினும் அங்கு சென்று பயில்வதற்குப் பணம் வேண்டும். வீட்டைவிட்டு நெடுநாள் பிரிந்திருக்கவும் இயல வேண்டும். அதே காலப்பகுதியில் உருக்குத் தொழிலிலே பெருஞ்செல்வம் திரட்டிய அன்ட்ரூ கார்ணகி, ஊர் ஊராக நூலகக் கட்டடங்களுக்கு நிதி வழங்கத் தலைப்பட்டார். 1886 முதல் 1919 வரை அமெரிக்காவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட கட்டடங்கள் அவர் கொடையால் எழுந்தன. கட்டடத்துக்கு அவர் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரவர் நூலகப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தூண்களும் படிக்கட்டுகளும் அமைந்துவிட்டன. உள்ளே இருந்து பணியாற்றுவோருக்கு அப்பத்தில் ஒரு பங்கிலே சம்பளம் கொடுத்தபின், அவர்களை வெளியூருக்கு அனுப்பிக் கற்பிக்க எஞ்சியது மிகச் சொற்பமே.

இங்கேதான் விஸ்கொன்சின் மாநிலம் ஒரு புதிய வழியைக் காட்டியது. அம்மாநிலத்திலே 1895இல் இலவச நூலக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. சிற்றூர் நூலகர் ஆண்டு முழுவதும் ஊரைவிட்டு அகல முடியாது. ஆனால் சில வாரங்கள் அகலலாம் என்பதை உணர்ந்து, அதே ஆண்டில் மடிசன் நகரிலே கோடைகால நூலகப் பாடசாலை ஒன்றும் தொடங்கப்பட்டது. இம்முயற்சிகளின் உயிர்நாடியாக விளங்கியவர்களுள் ஒருவர் லூட்டி ஸ்டேர்ன்ஸ் என்னும் அம்மையார். மில்வோக்கி நகரில் ஆசிரியையாயிருந்து நூலகப் பணிக்கு வந்தவர். பேச்சிலே திக்குவாய் உடையவர். அவ்வாறிருந்தும் மேடை மேடையாக ஏறி நூலகத்தின் தேவையை எடுத்துரைத்தார். நூல்கள் நிறைந்த பெட்டிகளைக் காட்டோர ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் அனுப்பி வைத்தார். புகைவண்டி செல்லும் இடத்துக்குப் புகைவண்டியிலும், அப்பால் குதிரை வண்டியிலும், பனி மூடிய காலத்தில் சறுக்கு வண்டியிலும் அவரே பயணஞ் செய்தார். பெட்டியைப் பொறுப்பேற்றவர் கடைக்காரராயிருக்கலாம், தபாற்கந்தோர் நடத்துபவராயிருக்கலாம். நூல்களைப் பதிவது எப்படி, கொடுத்து வாங்குவது எப்படி என்பதை அவர்களுக்கு அவ்விடத்திலேயே விளக்கினார். மாணாக்கர் ஆசானைத் தேடிச் செல்ல இயலாதபோது ஆசான் மாணாக்கரைத் தேடிச் செல்லுதல் என்ற நெறியின் தொடக்கம் அந்தச் சறுக்கு வண்டியிலேதான் காணப்படுகிறது. அல்பனியின் புகழைப் பேசும் நூல்கள் ஸ்டேர்ன்ஸ் அம்மையாருக்கு ஒரு பந்திகூட ஒதுக்காமற் போவதுண்டு, அது நியாயமன்று.

பின்னர் வந்த போக்கு இதற்கு மாறானது. கார்ணகி நிறுவனத்தின் வேண்டுகோளின்படி சார்ல்ஸ் வில்லியம்சன் என்பவர் நூலகப் பாடசாலைகளை ஆராய்ந்து 1923இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நூலகக் கல்வி பல்கலைக்கழகத்துக்கு உரியது என்றும், எழுதுவினைஞர் செய்யும் வேலையையும் புலமை வேண்டும் வேலையையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது என்றும் அவர் வற்புறுத்தினார். தொழிலின் மதிப்பை உயர்த்த அது வேண்டியதே. 1951இல் அமெரிக்க நூலகச் சங்கம் முதுமாணிப் பட்டத்தை நூலகர்க்குரிய அடிப்படைத் தகுதியாக ஏற்படுத்தியது. பட்டம் பெற்றவர் பெருநகரங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். சிற்றூர் மேசைமுன் இருந்தவரோ பட்டமின்றி இருந்தபடியே இருந்தார். அமெரிக்கப் பொது நூலக அமைப்புகள் ஏறத்தாழ 9,000. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பதினாயிரத்துக்குக் குறைந்த மக்கட்டொகைக்குப் பணிபுரிபவை என்பதை நினைத்தால், வெளியே நின்றவர்களின் தொகை விளங்கும்.

அமெரிக்காவில் எழுந்த இவ்வினா தமிழகத்திலும் எழுந்தது. 1911இலேயே பரோடா மன்னர் சயாஜிராவ், அமெரிக்க நூலகரான வில்லியம் போர்டனை வரவழைத்துப் பயிற்சி வகுப்புத் தொடங்கியிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் தன் நூலகராக நியமித்த சீர்காழி இரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். நூலகப் பயிற்சி எதுவும் பெறாதவர். அப்பயிற்சியை அவர் இலண்டன் சென்றே பெற வேண்டியதாயிற்று. 1925இல் திரும்பியவர், தமக்கு நேர்ந்தது பிறர்க்கும் நேர வேண்டாம் என்று எண்ணினார் போலும். சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் 1929இல் கோடைகாலப் பாடசாலை தொடங்கினார். விஸ்கொன்சினைப் போலவே கோடை விடுமுறையே அவருக்கும் துணை நின்றது. 1931இல் பல்கலைக்கழகம் அப்பாடசாலையைப் பொறுப்பேற்றது. பிற்காலத்தில் அவர் தம் சேமிப்பிலிருந்து 1 இலட்சம் ரூபாயை அப்பல்கலைக்கழகத்துக்கு நூலகக் கல்விக்கென வழங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம் உருவான காலத்தில் ஆலோசனை கூறியவரும் அவரே. இலங்கை நூலகச் சங்கம் 1960இல் அமைந்து, பணியிலிருப்போருக்கான வகுப்புகளைத் தொடங்கியது.

அமெரிக்காவிலே தொலைவைக் கடக்கும் முயற்சி இடையறாது நடந்தது. 1956ஆம் ஆண்டு நூலக சேவைச் சட்டம் கிராமப்புற நூலகங்களுக்கு மத்திய அரசின் பணத்தை முதன்முறையாகக் கொண்டுவந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்கென 1965இல் தொடங்கிய தொலைபேசிக் கல்வி வலையமைப்பை நூலகர்களும் பின்னர்ப் பயன்படுத்தினர். வானொலி கேட்போர் இதன் சிறப்பை எளிதில் உணர்வர்: வானொலியிற் பேசுபவர் பேசியே முடித்துவிடுவார், கேட்பவரின் ஐயம் அவர் செவிக்கு எட்டாது. தொலைபேசி வகுப்பிலோ மாணாக்கரின் குரலும் ஆசானுக்குக் கேட்டது.

பெருந்திருப்பம் கணினியால் வந்தது. 1997 முதல் பில் கேற்ஸ் தம்பதியரின் அறநிதி, வறிய ஊர்களின் நூலகங்களுக்குக் கணினிகளை வழங்கி இணையத்தோடு இணைத்தது. கார்ணகி காலத்து வரலாறு மீண்டும் நிகழ இருந்தது: பொருள் வந்துவிட்டது, கையாளக் கற்பிப்பவர் இல்லை. பயிற்றுநர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஆனால் அவர்கள் போனபின் கணினி பழுதானால் யாரைக் கேட்பது? இக்குறையை நீக்கவே, அவ்வறநிதியின் துணையுடன், ஒகையோ மாநிலத்தில் 1967இல் தோன்றிய ஓசிஎல்சி என்னும் நூலகக் கூட்டுறவு நிறுவனம் 2003இல் 'வெப்ஜங்ஷன்' என்ற இணையவழிப் பயிற்சிக்கூடத்தைத் திறந்தது. மாநில நூலகங்களும் அதற்குப் பணம் உதவின. காலப்போக்கில் அதன் வெபினார் வகுப்புகள் கட்டணமின்றி எவரும் கேட்கத்தக்கனவாயின. குறித்த நேரத்தில் ஆசான் ஓரிடத்திலிருந்து பேசுவார், நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்து நூலகப் பணியாளர் கேட்பர், ஐயங்களை எழுதியனுப்புவர், ஒருவர் கேட்ட வினாவுக்கு வேறோர் ஊரிலுள்ள இன்னொருவரே விடை எழுதுவதும் உண்டு. நேரந் தவறியவர் பதிவைப் பின்னர் கேட்கலாம். வாசகர் வந்தால் நிறுத்திவிட்டு, அவர் சென்றபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தனித்திருக்கும் நூலகர்க்கு இதைவிட உவப்பான வசதி வேறில்லை.

என்ன கற்றார்கள் என்று நோக்கினால், நூலகத் தொழில் எவ்வளவு மாறிவிட்டது என்பது புலனாகும். 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது வேலையிழந்தோர் நூலகத்தை நாடினர். விண்ணப்பங்கள் யாவும் இணையத்திலேயே நிரப்பப்பட வேண்டியிருந்தன. அவர்களுக்குத் துணைபுரிவது எப்படி என்பது ஒரு வகுப்பின் பொருளாயிற்று. 2017இல் பிலடெல்பியாவின் மக்பேர்சன் சதுக்கத்து நூலகப் பணியாளர், போதைமருந்து மிகுந்து மயங்கி விழுந்தோரை நாலொக்சோன் என்னும் மாற்று மருந்தால் உயிர்ப்பித்தனர். 1876இல் நூலகச் சங்கம் பிறந்த அதே நகரிலே, நூலகர் உயிர்காக்கும் மருந்தைக் கையிலெடுக்க நேர்ந்தது. அப்போதைக் கொள்ளைநோயை நூலகங்கள் எதிர்கொள்ளும் முறையும் பின்னர் வகுப்புகளில் இடம்பெற்றது. 2020இல் கொரோனா பரவியபோது, திரும்பி வரும் நூலின் மட்டையிலே கிருமி எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதே அந்நாட்டு நூலகர் அனைவரின் கேள்வியுமாயிற்று. ஆய்வுகூடச் சோதனைகளின் முடிவுகள் இணையவழியாக உடனுக்குடன் அவர்களைச் சேர்ந்தன. இத்தகைய கேள்விகள் கோடை விடுமுறை வரை காத்திருக்கக் கூடியனவல்ல. டூயியின் பாடத்திட்டத்திலும் அவை இருக்கவில்லை.

குறைகளும் உண்டு. கிழிந்த நூலைக் கட்டும் கைப்பழக்கத்தைத் திரையைப் பார்த்துப் பெறுதல் அரிது. வகுப்பு முடிவில் கிடைக்கும் சான்றிதழ் வருகையைக் காட்டுமேயன்றிச் சம்பளத்தை உயர்த்தாது. பலர் இவ்வகுப்புகளைத் தம் உணவு வேளையிலேயே கேட்கின்றனர். கற்பதும் வேலையின் ஒரு பகுதியே என்பதை மேலதிகாரிகள் பலர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இலவசம் என்ற சொல்லும் கேட்பவரளவிலேதான் பொருந்தும். பேசுபவர்க்கும் பதிவு செய்பவர்க்கும் எவரோ ஒருவர் கொடுத்தேயாக வேண்டும். மாநில நூலகங்கள் பயிற்சிக்கெனச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி, 1996இல் அமைக்கப்பட்ட அருங்காட்சியக, நூலக சேவைகள் நிறுவகம் என்னும் மத்திய அரசு அமைப்பின் வழியாக வந்தது. 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க சனாதிபதி அவ்வமைப்பைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை சுருக்கும்படி கட்டளை பிறப்பித்தார். அம்மாத இறுதியில் அதன் ஊழியர் அனைவரும் விடுமுறையில் அனுப்பப்பட்டனர். ஏப்பிரல் மாதத்தில் மேய்ன் மாநில நூலகம் தன் ஊழியர் 13 பேருக்குப் பதவிநீக்க அறிவித்தல் கொடுத்தது. மாநிலங்கள் பல ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தன. நவம்பரில் றோட் ஐலண்ட் மாநிலத்து மத்திய நீதிமன்றம், அவ்வமைப்பைக் கலைக்கச் செய்த செயல்கள் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு முழுவதும் மாநில நூலகங்கள் அடுத்த ஆண்டின் பயிற்சி அட்டவணையை வகுக்கும்போது, எதனை நம்பி எழுதுவது என்று அறியாது தயங்கின.