'மோஸ்ட் டாலஸ்ட்'னு சொல்றீங்களா? சூப்பர்லேட்டிவ்ல நாம சறுக்குற இடங்கள்!

இன்டர்வியூ அறை. "வாட் இஸ் யுவர் கிரேட்டஸ்ட் ஸ்ட்ரென்த்?" என்று கேட்கிறார்கள். பதில் மனசுக்குள்ள தமிழ்ல ரெடி. வாயைத் திறந்தா, "ஐ ஆம் த மோஸ்ட் ஹார்டஸ்ட் வொர்க்கர் சார்" என்று வருகிறது. சொன்ன அடுத்த நொடியே ஏதோ தப்புன்னு தெரியுது. ஆனா, எது தப்புன்னு தெரியலை. அதுக்கப்புறம் ஏசி ரூம்லயும் வியர்வைதான்.

இது உங்களுக்கும் நடந்திருக்கா? கவலையை விடுங்க. பத்து நிமிஷத்துல சரிபண்ணிடலாம்.

எங்கே குழம்புறோம்?

தமிழில் 'மிக உயரமான மலை' என்றால், 'ரொம்ப உயரமான மலை' என்றும் எடுத்துக்கலாம். 'எல்லாத்தையும்விட உயரமான மலை' என்றும் எடுத்துக்கலாம். இங்கிலீஷில் இந்த ரெண்டும் வேற வேற. முதலாவது, 'வெரி ஹை'. இரண்டாவது, 'த ஹையஸ்ட்'. இந்த இரண்டாவதுதான் சூப்பர்லேட்டிவ்.

அதனால, அதைப் போடுறதுக்கு முன்னாடி 'எதுக்குள்ள?' என்று உங்களையே கேளுங்க. நீலகிரிக்குள்ள ஹையஸ்ட், தொட்டபெட்டா (2,637 மீட்டர்). மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க எடுத்தா, மூணாறு பக்கம் இருக்கும் ஆனைமுடி (2,695 மீட்டர்). உலகம்னா எவரெஸ்ட். எல்லை மாறினா, ஹையஸ்ட்டும் மாறும். எல்லையே இல்லைன்னா 'வெரி' போதும்.

ரெண்டு போனை ஒப்பிட்டா 'சீப்பர்'. மூணு, அதுக்கு மேலன்னா 'சீப்பஸ்ட்'.

இ-எஸ்-டியா, மோஸ்ட்டா?

* ஒரே சிலபிள் உள்ள சின்ன வார்த்தைன்னா கடைசியில் இ-எஸ்-டி: டாலஸ்ட், ஃபாஸ்டஸ்ட். 'லார்ஜ்' மாதிரி ஏற்கெனவே 'இ'யில் முடிஞ்சா எஸ்-டி மட்டும் போதும்.

* 'பிக்', 'ஹாட்' போன்றவற்றில் கடைசி எழுத்தை இரட்டிக்கணும். பிகஸ்ட்டில் ரெண்டு 'ஜி', ஹாட்டஸ்ட்டில் ரெண்டு 'டி'.

* 'ஹேப்பி', 'ஈஸி' மாதிரி 'ஒய்'யில் முடிஞ்சா, 'ஒய்' போய் 'ஐ' வரும்: ஹேப்பியஸ்ட், ஈஸியஸ்ட்.

* மூணு சிலபிள், அதுக்கு மேலன்னா முன்னாடி 'மோஸ்ட்': மோஸ்ட் பியூட்டிஃபுல், மோஸ்ட் இம்பார்ட்டன்ட்.

* சொன்ன பேச்சு கேட்காதவை: குட் - பெஸ்ட், பேட் - வொர்ஸ்ட், லிட்டில் - லீஸ்ட். இதை மனப்பாடம் பண்ணத்தான் வேணும்.

'மோஸ்ட்'டும் இ-எஸ்-டியும் ஒண்ணா வரக் கூடாது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அப்படிச் சேர்த்து எழுதுறது உண்டு. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலேயே அப்படி ஓர் இடம் இருக்கு. ஆனா, இன்னைக்கு நாம எழுதினா தப்புதான்!

கூடவே வர்ற மூணு தப்பு

1. 'த'வை மறப்பது. 'ஷி இஸ் டாலஸ்ட் கேர்ள்' இல்லை; 'ஷி இஸ் த டாலஸ்ட் கேர்ள்'. ஆனா, 'மை', 'யுவர்' வந்துட்டா 'த' வேண்டாம்: 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'.

2. 'ஒன் ஆஃப் த பெஸ்ட் மூவி' என்பது. பலவற்றில் ஒண்ணு என்பதால் 'மூவிஸ்' என்று பன்மையில்தான் வரணும்.

3. இன், ஆஃப் குழப்பம். இடம், குழு என்றால் 'இன்': 'இன் த கிளாஸ்'. எண்ணிக்கை என்றால் 'ஆஃப்': 'ஆஃப் த த்ரீ'.

இப்போ மறுபடியும் அந்த இன்டர்வியூ அறைக்குப் போங்க. 'கிரேட்டஸ்ட்' என்றுதானே கேட்டார்கள்? அப்போ லிஸ்ட் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். "ஐ வாஸ் த மோஸ்ட் பங்சுவல் பர்சன் இன் மை ப்ராஜெக்ட் டீம்." எதுக்குள்ள என்பதும் இதிலேயே வந்துடுச்சு. 'உலகத்துலயே நான்தான்' என்று பீத்திக்கிற மாதிரியும் இருக்காது. அடுத்து அதுக்கு ஒரு உதாரணம் சொன்னீங்கன்னா, பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இன்னைக்கே கண்ணாடி முன்னாடி நின்னு நாலு தடவை சொல்லிப் பாருங்க. ஆல் த பெஸ்ட்! அட, இதுவும் சூப்பர்லேட்டிவ்தான்.