தந்தியும் கட்டையும்: கிதாரைக் கீபோர்டாக்கிய வரலாறு

எலக்ட்ரிக் கிதாரிலிருந்து ஆர்கன், சிந்தசைசர் ஓசைகளை வரவழைக்கும் முயற்சிக்கு ஏறத்தாழ அறுபது வருஷ வரலாறு இருக்கிறது. முதலில் வேலை செய்யவில்லை, பிறகு கொஞ்சம் செய்தது, இப்போது நன்றாகவே செய்கிறது என்று அதை ஒரு முன்னேற்றக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இந்தக் கதையாடலில் உடன்பாடில்லை. ஒரு கருவி இன்னொரு கருவியின் மொழியில் பேச நிர்ப்பந்திக்கப்படும்போது யாருடைய இலக்கணம் செல்லுபடியாகிறது? இதுதான் என் கேள்வி. கிதார் விஷயத்தில், ரொம்ப காலத்துக்குச் செல்லுபடியானது கட்டையின் இலக்கணம்.

கட்டையை அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. தந்தி அப்படியில்லை. இழுக்கலாம், வழுக்கலாம், உள்ளங்கையால் அமுக்கி முக்கால் சத்தமாக்கலாம். வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1966இல் இங்கிலாந்தின் வாக்ஸ் கம்பெனி 'கிதார் ஆர்கன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீணையில் மெட்டு என்கிறோமே, கிதாரில் அந்த இடத்தில் இருக்கும் உலோகக் கம்பிகளுக்கு ஒயர் கொடுத்தார்கள். தந்தி மெட்டைத் தொட்டதும் மின்சுற்று மூடிக்கொள்ளும்; உள்ளே இருக்கும் ஆர்கன் சர்க்யூட் பாடும். வலது கையால் மீட்ட வேண்டிய அவசியமே இல்லை. தந்தியை எவ்வளவு இழுத்தாலும் ஆர்கன் சத்தம் அசையாது, ஏனென்றால் தந்தி இங்கே வெறும் ஸ்விட்ச். கிதாரின் தோலைப் போர்த்திக்கொண்ட கீபோர்டு அது. கனமான கருவி, அடிக்கடி மக்கர் பண்ணும். வியாபாரம் ஓடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் இருந்தது. 1948இல் பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பியர் ஷெஃபர், மணியோசையைப் பதிவுசெய்து, அடிவிழும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிக் கேட்டார். மணி மணியாக இல்லை. ஒரு கருவியை இன்னது என்று காது அடையாளம் காண்பதில் அந்தத் தொடக்கத் துணுக்குக்குப் பெரிய பங்கு உண்டு என்று இதனால் தெரிந்தது. ஷெஃபரைப் படிக்காமலேயே கிதார்க்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து மீட்டி, பிறகு மெதுவாகத் திறந்தால் கிதார் ஆர்கன் மாதிரி ஊறிக்கொண்டு வரும். காசு செலவில்லை. தந்தி தந்தியாகவே இருந்தபடி வேறொன்றாகக் கேட்டது. இந்த வித்தியாசம் முக்கியம்.

1977இல் அமெரிக்காவின் ஆர்ப் நிறுவனம் 'அவதார்' என்ற கிதார் சிந்தசைசரை வெளியிட்டது. பெயரைப் பாருங்கள், நம்மிடமிருந்து எடுத்ததுதான்! ஆனால் உள்ளே இருந்தது அவர்களுடைய பழைய 'ஒடிஸி' சிந்தசைசர், கட்டைகள் மட்டும் இல்லாமல். போட்ட பணம் திரும்பவில்லை. 1981இல் நிறுவனமே மூடப்பட்டது. அந்த வீழ்ச்சியில் அவதாருக்கும் பங்குண்டு. இதற்கு முந்தின வருஷம் ஜப்பானின் ரோலண்ட் கொண்டுவந்த ஜிஆர்-300 வேறு ரகம். அது தந்தியின் அதிர்விலிருந்தே தன் அலையை உண்டாக்கிக்கொண்டது. தாமதம் கிட்டத்தட்ட இல்லை. விரல் இழுத்தால் சிந்தசைசரும் இழுபட்டது. பாட் மெத்தனி 1982இல் வெளியிட்ட 'ஆஃப்ராம்ப்' தொகுப்பில் இந்தக் கருவியைக் கேட்கலாம். ட்ரம்பெட் போலவும் இருக்கிறது, கிதார்க்காரன் கை என்றும் தெரிகிறது.

அப்புறம் 1983இல் மிடி வந்தது. எல்லா மின்னணு இசைக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ ககேஹாஷியும். இருவருமே சிந்தசைசர் தயாரிப்பாளர்கள். அந்த மொழியில் ஸ்வரம் என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண். எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது — அவ்வளவுதான் அதன் ஜாதகம். இது ஸ்வரத்தின் வரையறையல்ல, கட்டையின் வரையறை. ஆனால் பொது மொழி என்ற பெயரில் வந்ததால் யாரும் கேட்கவில்லை. பொது என்று சொல்லப்படுவது யாரோ ஒருவருடைய தனி வழக்கம்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிதார்க்காரன் பட்ட பாட்டைக் கணக்காகவே சொல்லலாம். தடித்த தந்தியின் அதிர்வு நொடிக்கு 82 சுற்று. ஒரு சுற்றுக்கு 12 மில்லி செகண்ட். என்ன ஸ்வரம் என்று இயந்திரம் தீர்மானிக்க ஒன்றிரண்டு சுற்றுகளையாவது பார்க்க வேண்டும். அதற்குள் 20 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். கை முந்தும், சத்தம் பிந்தும். மெல்லிய தந்தியில் ஒரு சுற்று 3 மில்லி செகண்டில் முடிகிறது, ஆகவே ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு தாமதம். இதைவிடக் கொடுமை, ஸ்ருதியை வளைக்கும் ஆணை மிடியில் தனி ஸ்வரத்துக்கு இல்லை, ஒரு தடம் முழுமைக்கும்தான். ஒரு தந்தியை இழுத்தால் கூட ஒலிக்கும் மற்றதும் சேர்ந்து வளையும். அதனால் தந்திக்கொன்றாக 6 தடம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு கேபிளில் இருப்பதே 16. லேசாக விரல் உரசினால் அதையும் ஸ்வரம் என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் எதையாவது ஊதும். 'சுத்தமா வாசி' என்பது எண்பதுகளில் மிடி கிதார் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பொதுப் புத்திமதி. சுத்தம் என்றால்? கீபோர்டு வாசிப்பவன் மாதிரி.

இங்கே நம் ஊர் ஆர்மோனியத்தைப் பேசியாக வேண்டும். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டு, 1971இல்தான் தளர்த்தியது. கமகம் கொடுக்க முடியாத பெட்டி என்பது முக்கியமான குற்றச்சாட்டு. பொய்யில்லை. ஆனால் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் ஸ்பெஷல் நாடகத்தில் விடிய விடிய வாசித்தார்கள், பாடவும் செய்தார்கள். வானொலியின் தூய்மைவாதத்துக்கு அந்த மேடை கண்ணில் படவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கமகத்தின் பேரால் கட்டையை விரட்டிய அதே காலத்தில் சபா வித்வான்களின் சாரீரத்தை அளந்தது கட்டைதான். 'அஞ்சு கட்டையில பாடுறார்' என்கிறோம், இன்றைக்கும். ஆகவே கட்டையைத் திட்டி, தந்தியைப் புனிதமாக்குவது என் நோக்கமில்லை.

அந்தப் புனிதம் மேற்கிலும் உண்டு. குயீன் குழு எழுபதுகளில் தங்கள் இசைத்தட்டு உறைகளில் சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டார்கள். 1980இல் 'தி கேம்' தொகுப்பில் பயன்படுத்தவும் செய்தார்கள். 1992இல் ரேஜ் எகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழு தங்கள் முதல் தொகுப்பில் இதே ரீதியில் ஒரு அறிவிப்பு போட்டது. அதில் டாம் மொரெல்லோ ஸ்விட்சையும் பெடலையும் வைத்துக்கொண்டு எழுப்பியதோ அசல் இயந்திரச் சத்தம். 'நாங்கள் அது இல்லை' என்ற பிரகடனமும் அதுவாகவே ஒலிக்கும் ஆசையும் ஒரே உறைக்குள்.

ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் 1986இல் 'அடவாக்ரான்' தொகுப்பில் சின்த்ஆக்ஸ் என்ற கருவியை வாசித்தார். இடது கைக்கு ஒரு தந்தி வரிசை, வலது கைக்கு வேறொன்று. தானாக ஒலியே கிடையாது. பிறகு ஒரு குழாயை வாயில் வைத்து ஊதி மூச்சாலும் ஒலியைக் கட்டுப்படுத்தினார். தந்தியிடமிருந்து பிடுங்கியதை மூச்சில் தேட வேண்டியதாயிற்று.

ஜான் மெக்லாஃப்ளின் வழி இன்னும் விசித்திரம். எழுபதுகளின் மத்தியில் 'சக்தி' குழுவில் எல். ஷங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் ஹுசைனோடு வாசித்தபோது, கமகத்துக்காக மெட்டுகளின் நடுவே பலகையைக் குழித்த கிதாரை எடுத்தார். 1984இல் 'மகாவிஷ்ணு' தொகுப்பில் சின்க்ளாவியர் என்ற கணினிக் கருவியைக் கிதாரால் இயக்கினார். சென்னையில் பதிவாகி 2008இல் வந்த 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்'டிலும் கிதார் சிந்தசைசர் இருக்கிறது. கமகத்தைத் தேடிப் போனவர், அதைக் கணக்கிடத் திணறிய இயந்திரத்தை விடவும் இல்லை.

மிடி இதைச் சரிசெய்ய 35 வருஷம் எடுத்துக்கொண்டது. ஸ்வரத்துக்கு ஒரு தடம் ஒதுக்கும் ஏற்பாடு 2018இல் முறைப்படி ஏற்கப்பட்டது. ஸ்வரத்தைத் தனித்தனியே வளைக்கும் ஆணை 2020இல் மிடி 2.0வோடு வந்தது.

அதற்குள் கிதார்க்காரன் வேறு பக்கம் போயிருந்தான். 1969இல் லண்டனில் விசிஎஸ்3 சிந்தசைசரின் சர்க்யூட்டுகளை வடிவமைத்த டேவிட் காக்கரெல், பின்னால் நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸுக்காக 'பாக்' என்ற பெடலைச் செய்தார். அது ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க முயல்வதில்லை. வரும் ஒலியையே ஒரு ஸ்தாயி மேலும் கீழும் நகர்த்திக் கலக்கிறது. அதே நிறுவனம் 2014இல் பி9 என்ற ஆர்கன் பெடலை விற்கத் தொடங்கியது. விசேஷ பிக்கப் வேண்டாம், மிடி வேண்டாம். சாதாரண கிதாரைச் செருகினால் போதும். வாசிப்பவர் தந்தியை இழுக்கும்போது அந்த ஆர்கனும் இழுபடுகிறது, எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு இடத்துக்கு.